காலைப் புகையும் மலை சூழ்ந்த ஊரும்

நம்முடைய சங்கங்களில் நூலுக்கு இருப்பேடு உண்டு. சாயத்திற்கும் விறகிற்கும் தனித்தனி ஏடுகள் உண்டு. அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்குத் தொகைக்கும் கடனுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அங்கத்தினர் அனைவரும் இரவும் பகலும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பொதுப் பண்டத்திற்கு மட்டும் எந்த ஏடும் இல்லை. அதுதான் காற்று. விலை கொடுத்து வாங்காத பொருளுக்குக் கணக்கு எதற்கு என்று நாம் இருந்துவிடுகிறோம். கணக்கு வைக்கப்படாத பொருளில்தான் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் வளரும் என்பதைச் சங்கப் பணியில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஓர் ஊரின் காற்று தூய்மையாக இருப்பதும் கெடுவதும் அவ்வூரில் எழும் புகையின் அளவை மட்டும் பொறுத்தவை அல்ல. அவ்வூரைச் சுற்றியுள்ள மலை, அதன்மேல் வீசும் காற்று, ஆண்டின் பருவம், நாளின் வேளை ஆகியவற்றையும் பொறுத்தவை. இதனைச் சேலம் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம். அதற்கு முன், இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அது என் பிழையிலிருந்து கற்ற பாடம்.

நான் எழுதிய ஒரு குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் சேலம் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வுக்காகப் பார்வையிட்டேன். அது கார்த்திகை மாதத்தின் நடுப்பகுதி. பொங்கலுக்கு முடிக்க வேண்டிய உருப்படிகளுக்குச் சாய நூல் வந்து சேராமல் தறிகள் பல காத்திருந்தன. சங்கத்தின் சாயப்பட்டறையில் காலை ஒன்பது மணிக்குத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பது தெரிய வந்தது. உடனே, “விடியற்காலை ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டி வேலை நேரத்தை முழுமையாகப் பயன்படுத்துதல் வேண்டும்” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். நிர்வாகக் குழுவினர் அதனை ஏற்று நிறைவேற்றினர்.

மார்கழி இறுதியில், குறைகள் நிவர்த்தி செய்யப்பட்டனவா என்று பார்ப்பதற்காக மீண்டும் அங்குச் சென்றேன். முதல் பேருந்தில் போய் இறங்கியபோது ஆறரை மணி. பாவடியில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். சற்று மேட்டில் இருந்த சாயப்பட்டறையின் புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை, ஒரு பனைமர உயரம் சென்றதும், மேலே ஏதோ கூரை தடுத்தாற்போல நின்றது. பின் பாய் விரித்தது போல் தட்டையாகப் பரவிப் பாவடியை நோக்கி மெல்ல இறங்கிற்று.

பாவு பிடித்திருந்த நடுத்தர வயதுடைய அம்மையார் ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். “பனி ஒத்துக்கொள்ளவில்லை போலும்” என்றேன். “பனி நான் பிறந்த நாளாகப் பெய்கிறது, ஐயா. இந்த இருமல் இந்த மார்கழியில்தான் வந்தது. அதுவும் காலையில் மட்டும், பத்து மணிக்கு மேல் இருப்பதில்லை” என்றார் அவர். அருகில் சென்று பார்த்தேன். வேட்டிக்காக நீட்டியிருந்த வெள்ளைப் பாவில் ஆங்காங்கே கரிப்புள்ளிகள் விழுந்து, ஈரக் கஞ்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கு மேல் அதே புகைபோக்கியின் எதிரே நின்று பார்த்தேன். அதே அடுப்பு, அதே விறகு. ஆனால் புகை நேரே மேலெழுந்து, கலைந்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. ஆறரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் புகை மாறவில்லை. அதை ஏற்றுக்கொள்ளும் காற்று மாறியிருந்தது. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் நான் ஐந்து மணி என்று எழுதியிருந்தேன்.

புகை சில வேளைகளில் ஏன் மேலே செல்வதில்லை?

பகல் வேளையில் வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. சூடான தரை தன்னை ஒட்டியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலே எழ, மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. இவ்வாறு கொதிக்கும் உலையில் நீர் புரள்வது போலக் காற்று மேலும் கீழும் புரண்டு கலக்கிறது. இக்கலப்பு, கோடைகால நண்பகலில் தரைக்கு மேல் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் உயரம் வரை கூடச் செல்வதுண்டு. புகை அவ்வளவு பெரிய இடத்தில் பரவி நீர்த்துப்போகிறது.

இரவில் நிலைமை மாறுகிறது. வானம் தெளிந்து, காற்று அடங்கியிருக்கும் இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக வானத்திற்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. ஆனால் சில நூறு அடி உயரத்தில் உள்ள காற்று அவ்வளவு குளிர்வதில்லை. வழக்கமாக மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும். சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 பாகை அளவு வெப்பம் குறையும். இவ்விரவுகளிலோ கீழே குளிர்ச்சியும் மேலே வெப்பமுமாக வரிசை மாறிவிடுகிறது. இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று வானிலை நூலார் கூறுவர். கனமான குளிர்ந்த காற்று கீழேயே தங்கும். இலேசான வெப்பக் காற்று அதன்மேல் மூடி போல அமர்ந்திருக்கும். கீழிருந்து எழும் புகை அந்த மூடியைத் துளைத்துச் செல்லும் வலிமையின்றித் தட்டையாகப் பரவிவிடும். நான் பார்த்த புகைப்பாய் அதுவே.

மறுநாள் காலை வெயில் ஏறித் தரை சூடானால்தான் இம்மூடி கரையும். நம் பகுதியில் தெளிந்த நாட்களில் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் அது கரைந்துவிடுகிறது. மாலையில் வெயில் சாய்ந்ததும் மீண்டும் உருவாகத் தொடங்குகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை. பனிமூட்டம் வேறு, புகை வேறு. ஆனால் இரண்டும் அடங்கிய காற்றையும் குளிர்ந்த தரையையும் விரும்புபவை; ஆதலால் ஒரே காலையில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. பனி என்று எண்ணி நாம் பொறுத்துக்கொள்வதில் ஒரு பகுதி புகையாக இருக்கக்கூடும்.

மலைகள் செய்யும் வேலை

சேலம் நகரின் அமைப்பை நினைவிற்குக் கொண்டுவாருங்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலைத்தொடர். நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. தட்டின் விளிம்பு போல் மலைகள் நிற்க, நடுவில் ஊர் இருக்கிறது. விளிம்பில் இடைவெளிகள் இல்லாமல் இல்லை. ஆயினும் அடங்கிய காற்று எளிதில் வெளியேற முடியாத அமைப்பு இது.

இம்மலைகள் இரண்டு காரியங்களைச் செய்கின்றன. ஒன்று, பக்கவாட்டில் வீசும் மெல்லிய காற்றைத் தடுக்கின்றன. மற்றொன்று, இரவில் மலைச் சரிவுகள் குளிர, அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, மழைநீர் வழிவதைப் போலச் சரிவின் வழியே இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. ஏரிக்கு நீர்வரத்து எப்படியோ, ஊரின் தாழ்ந்த பகுதிக்குக் குளிர்காற்றின் வரத்து அப்படி. இதனால் சமவெளியில் உள்ள ஓர் ஊரைவிட மலை சூழ்ந்த ஊரில் தலைகீழ் மூடி வலுவாக அமைகிறது. மேட்டில் எழுந்த புகையும் அந்தக் குளிர்காற்றோடு பள்ளத்திற்கு வந்து சேர்கிறது. ஒரே ஊரிலும் ஓடைக்கரைத் தெருவும் மேட்டுத் தெருவும் ஒரே காற்றைப் பெறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாவடி அமைந்த இடமும் பட்டறை அமைந்த இடமும் எது மேடு, எது பள்ளம் என்பதைச் சங்கத்தார் ஒருமுறை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது நன்று.

ஆண்டின் நான்கு பங்கு

மலை மாறுவதில்லை, பருவம் மாறுகிறது. ஆகவே ஒரே ஊர் ஆண்டில் நான்கு விதமான காற்றைக் காண்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. இக்காற்று சாலைப் புழுதியைக் கிளப்பினாலும் புகையைத் தங்கவிடுவதில்லை. ஆவணி முதல் கார்த்திகை வரை சேலம் பகுதிக்கு மழைக்காலம். மழைத்துளி விழும்போது காற்றிலுள்ள தூசியைத் தன்னோடு கீழே கொண்டுவருகிறது. நனைந்த நிலத்திலிருந்து புழுதியும் எழுவதில்லை. பெருந்தூசியை மழை நன்கு கழுவும். மிக நுண்ணிய துகளை அவ்வளவு எளிதில் கழுவாது. மழையில்லாத தீபாவளி இரவில், காற்றும் அடங்கியிருந்தால், பட்டாசுப் புகை மறுநாள் காலை வரை தெருவிலேயே நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்கள்தாம் நம் கவலைக்கு உரியவை. மழை நின்றுவிடுகிறது, வானம் தெளிகிறது, இரவு நீளுகிறது, காற்று மெலிகிறது. மூடி அமைவதற்கு வேண்டிய எல்லாம் ஒன்றுகூடுகின்றன. அதே மாதங்களில்தான் அறுவடை முடிந்து கரும்புச் சோகையும் பருத்தி மிலாறும் எரிக்கப்படுகின்றன. போகிப் பண்டிகையன்று பழம்பொருள்கள் கொளுத்தப்படுகின்றன. குளிர் காய்வதற்குத் தெருவோரங்களில் குப்பை மூட்டப்படுகிறது. பொங்கல் வேலைக்காகச் சாயப்பட்டறைகள் ஓய்வின்றி இயங்குகின்றன. காற்றின் கொள்ளளவு மிகக் குறைந்த காலத்தில் புகையின் வரவு மிக அதிகம்.

பங்குனி முதல் வைகாசி வரை கோடை. வெயிலால் கலப்பு உயரம் மிகுந்து புகை எளிதில் பரவுகிறது. ஆனால் காய்ந்த நிலத்தின் புழுதி மிகும். வாகனப் புகையும் கடும் வெயிலும் சேர்ந்து தரையருகே ஓசோன் என்னும் எரிச்சலூட்டும் வாயுவை உண்டாக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, பிற்பகலில் மிகும்.

கோவையும் சென்னையும்

நிலவமைப்பின் வலிமையை அறிய வேறு இரண்டு ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கோயம்புத்தூரும் மலையருகே உள்ள ஊர்தான். ஆனால் வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்வளவு உயர்ந்த இரண்டு சுவர்களுக்கு இடையே உள்ள வாயிலில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு விரைந்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் நிரம்பியிருப்பதற்கு இதுவே காரணம். மலைச்சுவர் ஊரை அடைக்கவும் செய்யும். அதில் வாயில் இருந்தால் ஊரைத் துடைக்கவும் செய்யும்.

சென்னைக்கு மலையில்லை, கடல் உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால் கடற்காற்று ஊருக்குள் வருகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் காற்று மெலிந்து கடலை நோக்கித் திரும்புகிறது. கடற்காற்று வந்த பிற்பகலில் புகை நிற்பதில்லை. ஆனால் தை பிறப்பதற்கு முந்திய விடியற்காலையில் அந்த உதவி கிடைப்பதில்லை. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் போகியன்று, புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் பல தாமதப்பட்டன. சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. கடற்கரை ஊருக்கே இந்த நிலையென்றால் மலை சூழ்ந்த ஊரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

ஒரு சிறு கணக்கு

காற்று எவ்வளவு புகையை ஏற்கும் என்பதைக் காற்றோட்ட அளவு என்று கூறுவர். கலப்பு உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். விளக்கத்திற்காக ஒரு கணக்கு போடுவோம்.

மார்கழிக் காலையில் மூடி 200 மீட்டரில் இருக்கிறது. காற்று நொடிக்கு 1 மீட்டர் வீசுகிறது என்று கொள்வோம். 200-ஐ 1-ஆல் பெருக்க, 200. அன்றே பிற்பகலில் கலப்பு உயரம் 1,600 மீட்டர். காற்று நொடிக்கு 4 மீட்டர் என்று கொள்வோம். 1,600-ஐ 4-ஆல் பெருக்க, 6,400. இரண்டாவது முதலாவதைப் போல் 32 மடங்கு. அதாவது ஒரு கட்டு விறகைக் காலையில் எரித்தால் காற்றில் உண்டாகும் கேடு, இக்கணக்குப்படி, பிற்பகலில் முப்பத்திரண்டு கட்டு எரித்தால் உண்டாவதற்குச் சமம். மெய்யான எண்கள் நாளுக்கு நாள் மாறும். ஆனால் காலைக்கும் பிற்பகலுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று என்பதை இக்கணக்கு காட்டும்.

மூச்சில் சேரும் செலவு

புகையில் உள்ள துகள்களில் பெரியவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் குறைந்த அளவும் உள்ள நுண்துகள்கள் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு கூட இருப்பதில்லை. இவை நுரையீரலின் ஆழம் வரை செல்லும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். மூச்சிரைப்பு நோய் மட்டுமன்றி இதய நோயும் பக்கவாதமும் இவற்றால் மிகுகின்றன என்று மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்குத் தீங்கு அதிகம்.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தர அளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இந்நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கும், ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கும் மிகாமல் இருத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகள் இன்னும் கடுமையானவை: நாளுக்கு 15, ஆண்டுக்கு 5.

இங்கே கணக்கறிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சராசரி என்பது பலவற்றை மறைக்கும். ஆண்டு முடிவில் இலாபம் காட்டும் சங்கம், இடையில் இரண்டு மாதம் கூலி கொடுக்க முடியாமல் திண்டாடியிருக்கக்கூடும். அதைப்போல, நாள் சராசரி அளவுக்குள் இருக்கும் ஊரில் காலை இரண்டு மணி நேரம் மட்டும் காற்று மிகவும் கெட்டிருக்கக்கூடும். அந்த இரண்டு மணி நேரத்தில் யார் வெளியில் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. பாவு நீட்டுவோர் இருக்கிறார்கள். பால் கொண்டுவருவோர் இருக்கிறார்கள். தெரு கூட்டுவோர் இருக்கிறார்கள். உழைப்பவர் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார் என்பதையும் சேர்த்து எண்ணினால், செலவு யார் பெயரில் பற்று எழுதப்படுகிறது என்பது விளங்கும்.

பண்டத்திற்கு ஏற்படும் இழப்பும் உண்டு. வெள்ளை நூலில் கரி விழுந்தால் மீண்டும் வெளுக்க வேண்டும். திறந்த களத்தில் உலரும் ஜவ்வரிசிக்கு வெண்மையைப் பார்த்தே விலை வைக்கப்படுகிறது. மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் நெசவு செய்யும் அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரே நலன்தான்.

வெப்பநாட்டுக்கு உரிய ஒரு வாய்ப்பு

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரில் இத்தகைய மூடி ஒன்று அமைந்து ஐந்து நாள் கரையாமல் நின்றது. நிலக்கரிப் புகை தெருக்களில் தேங்கிற்று. ஏறத்தாழ 4,000 பேர் அதனால் இறந்தனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

அங்கு மூடி ஏன் கரையவில்லை? காற்று அடங்கியிருந்தது முதற்காரணம். கரைக்கும் அளவுக்கு வெயிலும் இல்லை. டிசம்பர் மாதக் கடைப்பகுதியில் நண்பகல் வேளையிலும் இலண்டனில் கதிரவன் அடிவானத்திற்கு மேல் 15 பாகை உயரமே ஏறுகிறான். அதே நாளில் சேலத்தில் அவன் ஏறும் உயரம் ஏறத்தாழ 55 பாகை. நம்முடைய குளிர்காலம் வெறும் பெயரளவில்தான் குளிர்காலம். ஆகவே இரவில் அமைந்த மூடி நமக்குப் பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே உடைந்துவிடுகிறது.

இது வெப்பநாட்டார்க்கு இயற்கை அளித்துள்ள வாய்ப்பு. குளிர்நாட்டில் நாள்கணக்கில் நிற்கும் கேடு இங்கு மணிக்கணக்கில் நிற்கிறது. நாள்கணக்கில் நிற்கும் கேட்டுக்கு வேலையின் நேரத்தை மாற்றிப் பயனில்லை. மணிக்கணக்கில் நிற்கும் கேட்டுக்கு நேரத்தை மாற்றுவது பயன் தரும். நாமோ இவ்வாய்ப்பைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். மூடி இருக்கும்போது அடுப்பு மூட்டுகிறோம். அது கரைந்த பிறகு அடுப்பை அணைக்கிறோம்.

சங்கம் செய்யக் கூடியவை

நான் கூறிய சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இதனை எடுத்துரைத்து, என் குறிப்பை நானே மாற்றிக்கொள்வதாகத் தெரிவித்தேன். அப்போது எழுந்த தடைகள் எல்லாச் சங்கங்களிலும் எழக்கூடியவை. ஆதலால் அவற்றை இங்கே கூறுகிறேன்.

பாவு வேலையை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒருவர். அது இயலாது. வெயில் ஏறினால் கஞ்சி விரைந்து உலர்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும், இழை அறும். பாவுக்கு விடியற்காலை இன்றியமையாதது, அடுப்புக்கு அவ்வாறன்று. எனவே நகர வேண்டியது அடுப்புதான்.

புகைபோக்கியை உயர்த்திவிடலாம் என்றார் மற்றொருவர். உயர்ந்த புகைபோக்கி பக்கத்துத் தெருவுக்கு நன்மை செய்யும். ஆயினும் மூடிக்குக் கீழே நிற்கும் புகைபோக்கியால் புகையை மூடிக்கு மேலே அனுப்ப இயலாது. மேலும், இரவில் உயரத்தில் தங்கிய புகை, காலையில் வெயில் ஏறிக் காற்று புரளத் தொடங்கும்போது ஒரேயடியாகக் கீழே இறங்குவதும் உண்டு. ஆகவே மூடி முழுவதும் கரைந்த பின்னர் மூட்டுவதே தக்கது.

வேலை நாள் சுருங்கிவிடாதா என்று பட்டறை மேற்பார்வையாளரான பெரியவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. நூலை முதல்நாள் மாலையே ஊறவைத்தல், விறகைப் பிளந்து கூரையின்கீழ் உலரவைத்தல், சாயத்தை முன்கூட்டியே நிறுத்து வைத்தல் ஆகியவற்றால் காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் மிச்சப்படும் என்று அவரே கணக்கிட்டார். உலர்ந்த விறகு நன்றாக எரிந்து குறைவாகப் புகையும். விறகுச் செலவும் குறையும். பொங்கல் சரக்கு தாமதப்பட்டதற்கு மூலகாரணம் அடுப்பு அன்று என்பதும் அப்போது புலப்பட்டது. நூல் வாங்குவதற்கான தீர்மானமே ஒரு மாதம் பிந்தி நிறைவேற்றப்பட்டிருந்தது. நான் ஏட்டைப் புரட்டிக் கண்டிருக்க வேண்டிய குறையை அடுப்பின்மேல் சுமத்தியிருந்தேன்.

மார்கழி முதல் மாசி வரை காலை ஒன்பது மணிக்கு மேல் மூட்டி, மாலை நான்கு மணிக்குள் அணைப்பது என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு நூலுக்கு ஐப்பசியிலேயே ஏற்பாடு செய்தார்கள். அந்த மார்கழியில் நான் சென்றபோது பாவடிக்கு மேல் புகைப்பாய் அறவே இல்லை என்று கூறமாட்டேன். ஊரில் வேறு அடுப்புகளும் இருந்தன. ஆனால் சங்கத்தின் புகை அதில் சேரவில்லை. வெள்ளைப் பாவு வெள்ளையாக இருந்தது. அந்த அம்மையாரும் பாவு பிடித்திருந்தார். “இருமல் எப்படி?” என்றேன். “போன மார்கழி போல இல்லை, ஐயா” என்றார்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதே முறை பொருந்தும். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது சோகைக்கும் மிலாறுக்கும் தீ வைத்துவிட்டு வருவது வழக்கம். மூடி அமையத் தொடங்கும் வேளை அது. அந்தப் புகை இரவு முழுவதும் ஊரிலேயே தங்கும். நண்பகலில் கொளுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. தீ பரவும் ஆபத்து அப்போது மிகுதி. எரிக்காமல் விடுவதே முறை. கரும்புச் சோகையை வரிசைகளுக்கிடையே மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களை குறையும், பின்னர் அது மட்கி உரமாகும். மிலாறைத் தூளாக்கி நிலத்தில் சேர்க்க இயந்திரங்கள் உள்ளன. ஒரு விவசாயி தனித்து வாங்க இயலாத இயந்திரத்தைச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடலாம்.

நேரத்தை மாற்றுவது புகையை அழிப்பதாகாது என்பதையும் மறக்கலாகாது. பிற்பகலில் எழுந்த புகையும் எங்கோ ஒரு காற்றில்தான் கலக்கிறது. கடனுக்குத் தவணை மாற்றிக் கொடுப்பது போன்றது அது. கடன் தீர வேண்டுமானால் முதல் குறைய வேண்டும். விறகைக் குறைத்தல், நல்ல அடுப்பு அமைத்தல், குப்பை எரிப்பதை நிறுத்தல் ஆகியவை முதலைக் குறைக்கும் வழிகள். நேர மாற்றம் அதுவரை மூச்சு விட இடம் கொடுக்கும்.

ஒரு பட்டறை மட்டும் ஒன்பது மணிக்கு மூட்டினால் பயன் சிறிது. ஊரிலுள்ள எல்லாப் பட்டறைகளும் அவ்வாறு செய்தால் பயன் பெரிது. காற்றுக்கு வேலி இல்லை. ஒருவர் வீட்டில் மூட்டியது மற்றொருவர் மார்பில் சேருகிறது. தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வதற்காகவே நாம் சங்கம் வைத்திருக்கிறோம்.

கருவியின்றிக் கவனித்தல்

கண்காணிப்பு நிலையம் உள்ள நகரங்களின் காற்றுத் தரக் குறியீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. 50 வரை நன்று; 100 வரை திருப்தி; 200 வரை மிதம்; அதற்குமேல் மோசம். நிலையம் இல்லாத ஊரில் கண்ணே கருவி. முன்னிரவில் விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் மறுநாள் காலை மூடி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். புல்லில் பனித்துளி நிறைந்திருப்பதும் அதற்கு ஓர் அறிகுறி. காலையில் அடுப்புப் புகை தட்டையாகப் பரவுகிறதா, நேரே எழுந்து கலைகிறதா என்று பாருங்கள். தொலைவிலுள்ள ஒரு மலையைக் குறியாக வைத்து, அது எத்தனை மணிக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று மார்கழி முழுவதும் குறித்து வாருங்கள். முப்பது வரிகளில் உங்கள் ஊரின் காற்றுக்கு ஓர் ஏடு கிடைத்துவிடும்.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் ஊரில் குளிர்காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பள்ளத்திற்கு இறங்குகிறது? அப்பள்ளத்தில் யாருடைய வீடுகளும் பாவடிகளும் உள்ளன?

2. மார்கழி முதல் மாசி வரை காலை ஒன்பது மணிக்கு முன் நம் ஊரில் மூட்டப்படும் அடுப்புகள் எவை? அவற்றுள் நேரம் மாற்றக் கூடியவை எவை? மாற்ற இயலாதவை எவை, ஏன்?

3. சோகையும் மிலாறும் எரிக்கப்படாமல் இருக்க, சங்கம் எந்த இயந்திரத்தை வாங்கலாம்? வாடகை எவ்வளவு வைத்தால் சங்கத்திற்கு நட்டமும் அங்கத்தினருக்குச் சுமையும் இராது?

4. வேலை தாமதப்படும்போது, அதன் மெய்யான காரணத்தை நம் ஏடுகளில் தேடியிருக்கிறோமா?